ரெண்டு வயரும் ஒரு கம்பும்

கொடைக்கானல்ல குடியிருக்கறவன் மீன்பிடி வள்ளத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் மாட்டறதப் பத்தி எழுதினா உங்களுக்குச் சிரிப்பு வரும்தான். எங்க ஊர்ல போட்டுன்னா ஏரி போட்டு. மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863ல ஓடையை மறிச்சுக் கட்டின ஏரி அது. எந்த மூலைக்குப் போனாலும் கரை கண்ணுக்குத் தெரியும். ஜிபிஎஸ் வேணாம், எக்கோ வேணாம். வழி தெரியலைன்னா பஜ்ஜி வாசனையைப் பிடிச்சே கரைக்கு வந்துரலாம் :-)

ஆனா எங்க அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கறது கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை ஊர்ல. அத்தானுக்குச் சொந்தமா ஒரு பைபர் வள்ளம், 28 அடி. எனக்குத் தொழில் டிவி, யூபிஎஸ் ரிப்பேர். அதனால வள்ளத்துல எந்த வயரைத் தொடணும்னாலும் மலைக்கு ஒரு போன் வந்துரும். "மாப்ள, ஒரு நாள் இறங்கி வந்துட்டுப் போ."

போன தடவை வந்த போன் கொஞ்சம் பெரிய விஷயம். கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, எக்கோ, ஜிபிஎஸ், வயர்லெஸ் மூணும் வாங்கணும்னார். அவர் வச்ச பிறகு அக்கா தனியாப் பேசினா. "மீன் எங்க நிக்குதுன்னு காட்டறதுக்குப் பெட்டி இருக்கு. இவரு எங்க நிக்காருன்னு எனக்குக் காட்ட ஏதும் இருக்கா தம்பி?"

அவ ஏன் கேக்கறான்னு விளக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30. ஒக்கி புயல். தாழ்வு மண்டலமா இருந்தது அன்னைக்குத்தான் புயலா மாறிச்சு, அன்னைக்கே குமரிமுனைக்குப் பக்கத்துல கடந்தும் போச்சு. தூரக் கடலுக்குப் போயிருந்தவங்களுக்குச் சேதி சொல்ல வழி இல்லை. அவங்க எங்க இருக்காங்கன்னு கரைக்கும் தெரியலை. தமிழ்நாடு, கேரளா ரெண்டு பக்கமும் சேர்த்து நூத்துக்கணக்கானவங்க திரும்பி வரலை. அத்தான் அன்னைக்குக் கரையிலதான் இருந்தார். ஆனா அக்கா அந்த ராத்திரியைப் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களோட மணல்ல உக்காந்து கழிச்சிருக்கா.

அதனால இந்தத் தடவை அத்தானோட பட்டியலை அக்காவோட கேள்வியை வச்சுப் பார்க்கறதுன்னு முடிவு பண்ணினேன்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்தவுடனே ஒன்பது இஞ்ச் கலர் திரையைக் காட்டினார். அத்தான் கண்ணு அதுலயே நின்னுருச்சு. நான் பேட்டரிக் கணக்குப் போட ஆரம்பிச்சேன். அத்தானோடது கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற அவுட்போர்டு இஞ்சின். கடல்ல பேட்டரி சார்ஜ் ஆகாது. வீட்ல சார்ஜ் போட்டுத் தூக்கிட்டு வரணும். 12 வோல்ட், 35 ஆம்பியர்-அவர் பேட்டரின்னா நிம்மதியா எடுக்கக்கூடியது அதுல பாதி. மொத்தச் சாமானும் ஒன்றரை ஆம்பியர் எடுத்தாலே 12 மணி நேரத்துல 18 ஆம்பியர்-அவர் காலி. வயர்லெஸ்ல பேசணும்னா அந்தப் பேச்சுக்கு மட்டும் அஞ்சு, ஆறு ஆம்பியர் வேணும். திரை பெருசாகப் பெருசாக, ஆபத்து நேரத்துல குரலுக்கு மிஞ்சற கரண்ட் குறையும். கடைசியில அஞ்சு இஞ்ச் திரை, ஜிபிஎஸ்ஸும் எக்கோவும் ஒண்ணா இருக்கறது வாங்கினோம். மிச்சப் பணத்துல நிலையா மாட்டற 25 வாட் விஎச்எஃப் வயர்லெஸ்.

எக்கோ மாட்டறது சுலபம்னு நினைக்கறாங்க. ஒலி கடல் தண்ணியில செகண்டுக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 20 பாகம் ஆழத்தைத் தொட்டுட்டுத் திரும்ப ஒரு செகண்டுல இருபதுல ஒரு பங்கு போதும். ஆனா நடுவுல காத்துக் குமிழி வந்தா எல்லாம் போச்சு. அதனால சென்சாரைப் புரொப்பல்லர் கிளப்பற நுரையை விட்டுத் தள்ளி வைக்கணும். நாங்க வள்ளத்துக்கு உள்பக்கமாவே, அடித்தளத்துல எப்பாக்ஸி போட்டு ஒட்டிட்டோம். கெட்டியான பைபர்னா ஒலி ஊடுருவும், கொஞ்சம்தான் பலம் குறையும். அடியில மரமோ தெர்மோகோல் மாதிரி சாமானோ இருந்தா இது வேலைக்கு ஆகாது. பசையில குமிழி இருக்கவே கூடாது. மணல்ல இழுத்து ஏத்தற வள்ளத்துக்கு வெளியில சென்சார் தொங்கினா எத்தனை நாளைக்குத் தாங்கும், சொல்லுங்க?

இனி தலைப்புல இருக்கற கம்பு.

மலையில இருக்கறவனுக்கு ஒரு விஷயம் யோசிக்காமலே தெரியும். எங்க கொடைக்கானல் பண்பலை 100.5 மதுரை, தேனி, திருச்சின்னு கேக்குதே, அதுக்கு ஒரு பெரிய காரணம் உயரம். விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுலதான் போகும். பூமி வளையற இடத்துல அது வானத்தைப் பாத்துப் போயிரும். கணக்கு ரொம்ப எளிது. ஆன்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல பெருக்கினா எட்டற தூரம் கிலோமீட்டர்ல வரும். 2133 மீட்டர் உயரத்துல இருக்கற எங்க ஊருக்கு இது சுமார் 190 கிலோமீட்டர்.

வயர்லெஸ்ஸும் அதே விஎச்எஃப்தான். ஆபத்துக்கான 16ஆம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆனா வள்ளத்துல நின்னுகிட்டுக் கையில வச்சுப் பேசற வாக்கி டாக்கியோட ஆன்டெனா தண்ணியில இருந்து ரெண்டு மீட்டர் உயரத்துலதான் இருக்கும். அப்ப எட்டறது 6 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எதிர்ல இருக்கறதும் அதே மாதிரி வள்ளம்னா ரெண்டையும் கூட்டினா 12 கிலோமீட்டர், அதாவது ஆறு கடல் மைலுக்குச் சற்று மேல. ஒரு கம்பு நட்டு ஆன்டெனாவை அஞ்சு மீட்டருக்கு ஏத்தினா ஒரு பக்கத்துக்கு 9 கிலோமீட்டர் ஆகும். கரையில 30 மீட்டர் கோபுரம் இருந்தா அதோட 22ஐச் சேர்த்துக்கங்க, 31 கிலோமீட்டருக்கு மேல, ஏறக்குறைய 17 கடல் மைல். அத்தான் வழக்கமா வலை போடற தூரம் அதுக்குள்ளதான். வாட்டை எவ்வளவு கூட்டினாலும் பூமி வளைஞ்சுதான் இருக்கும். எங்களுக்கு மலை சும்மாக் கொடுக்கற உயரத்தை அவர் கம்பு நட்டு வாங்கணும்.

அலையில வள்ளம் இறக்கும்போதும் வலை இழுக்கும்போதும் இடிக்கக் கூடாதுன்னு கம்பு அடியில கீல் வச்சு மடக்கற மாதிரி பண்ணினோம். கேபிள் விஷயத்துல ஒண்ணு. வீட்டுக் கேபிள் டிவி வயர் பாக்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனா அது 75 ஓம். வயர்லெஸ்ஸுக்கு 50 ஓம் கேபிள்தான் போடணும்.

அடுத்தது ரெண்டு வயர்.

இந்த மாதிரி வயர்லெஸ்ல சிவப்பு மூடி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கி அமுக்கிப் பிடிச்சா 70ஆம் சானல்ல ஆபத்துச் செய்தி தானாப் போகும். பெரிய கப்பல்கள் எந்நேரமும் அந்தச் சானலைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். செய்தியோட வள்ளத்துக்கான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் போகும். இந்திய எண்ணுன்னா 419ல தொடங்கும். அதுக்கும் வயர்லெஸ் வச்சுக்கறதுக்கும் உரிமம் வேணும், அதை முதல்லயே வாங்கிருங்க. எண் யாருன்னு சொல்லிரும். எங்கன்னு சொல்லணும்னா வயர்லெஸ்ஸுக்கு ஜிபிஎஸ் விவரம் தெரிஞ்சிருக்கணும். சில மாடல்கள்ல ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கு. நாங்க வாங்கினதுல இல்லை. அப்ப ஜிபிஎஸ் பெட்டியில இருந்து வயர்லெஸ்ஸுக்கு ரெண்டே ரெண்டு மெல்லிசு வயர் இழுக்கணும். ஜிபிஎஸ் அனுப்பற முனையில இருந்து வயர்லெஸ் வாங்கற முனைக்கு ஒண்ணு, பொதுவான எர்த்துக்கு ஒண்ணு. என்எம்இஏ 0183ங்கற பாஷை, 4800 வேகம். வயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், புத்தகத்தைப் பாத்துத்தான் சேர்க்கணும். சேர்ந்ததும் வயர்லெஸ் திரையிலயே அட்சரேகை, தீர்க்கரேகை வந்துரும். வரலைன்னா சேரலைன்னு அர்த்தம்.

இந்த ரெண்டு வயர் இல்லாமலும் எக்கோ மீன் காட்டும், ஜிபிஎஸ் வழி காட்டும், வயர்லெஸ் பேசும். அதனாலதான் இதை விட்டுட்டா யாருக்கும் தெரியாது. தெரியற அன்னைக்கு நேரம் இருக்காது.

மிச்சமெல்லாம் சாதாரண வயரிங்தான், ஆனா உப்போட பண்ற வயரிங். முறுக்கி டேப் சுத்தினா அடுத்த மழைக்குள்ள பச்சை பூத்துரும். வெள்ளீயம் பூசின செம்பு வயர், கிரிம்ப் பண்ணின முனை, மேல பசையுள்ள ஸ்லீவ். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்துலயே பியூஸ். ஆறு மீட்டர் தள்ளி இருக்கற வயர்லெஸ்ஸுக்கு 1 ஸ்கொயர் வயர் போட்டா பேசும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல வழியிலயே போயிரும். 2.5 ஸ்கொயர் போட்டா அரை வோல்ட்தான். பேட்டரி இறங்கியிருக்கற சாயங்காலத்துல அந்த அரை வோல்ட் பெரிய விஷயம்.

இதெல்லாம் பண்ணியும் பதினஞ்சு, இருபது மைலைத் தாண்டினா குரல் போகாது. அதுக்கு மேல செயற்கைக்கோள்தான் கம்பு. இஸ்ரோவோட ஆபத்து அறிவிப்புக் கருவி 2010ல இருந்தே இருக்கு. முதல்ல வந்ததுல அமுக்கலாம், பதில் வராது. 2024 ஜனவரியில வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில, செய்தி கிடைச்சுதுங்கற பதிலும் திரும்பி வருது. தத்தளிக்கறவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிசு! அதே 2024 ஆகஸ்ட்ல மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு லட்சம் டிரான்ஸ்பாண்டர் கொடுக்கற மத்திய அரசுத் திட்டத்தையும் தொடங்கி வச்சாங்க. தூரம் போறவங்க மீன்வளத்துறையில கேளுங்க.

மாட்டி முடிச்ச மறுநாள் அத்தான் தொழிலுக்குப் போனார். பன்னிரண்டு மைல்ல இருந்து பேசினார். கரையில இருந்த இன்னொரு செட்டுல குரல் தெளிவா வந்துச்சு. திரையில காட்டற எண்ணை ஒவ்வொண்ணாப் படிக்கச் சொன்னேன். அக்கா பக்கத்துல நின்னு பேனாவால கையில எழுதிக்கிட்டா. அட்சரேகைன்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது. கேக்கவும் இல்லை. எண்ணை மட்டும் ரெண்டு தடவை சரிபாத்தா.

உங்க சொந்தக்காரங்க யாராவது கடல் தொழில் பண்றாங்கன்னா, திரை எத்தனை இஞ்ச்னு கேக்காதீங்க. அந்த ரெண்டு வயர் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. அப்படியே கடலோரக் காவல்படை எண் 1554ஐ வீட்டுச் செவுத்துலயும் எழுதி வைக்கச் சொல்லுங்க.