முப்பது பேருக்கு இலை

கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலை ஏறும் சுற்றுலா வேன்கள் அருவிகளைக் கணக்கு வைத்தே வருகின்றன. பெரியார் அருவியா, மேகம் அருவியா என்று வழியெல்லாம் பேச்சு நடக்கும். சாப்பாட்டை யாரும் நினைப்பதில்லை. தண்ணீரில் ஆட்டம் போட்டு, ஈரத்துண்டோடு வெள்ளிமலைக் கடைத்தெருவில் இறங்கும்போதுதான் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி தெரிகிறது. எங்கள் குழுவும் அப்படித்தான் வந்து இறங்கியது.

வெள்ளிமலை பெரிய ஊர் அல்ல. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலை ஒன்றியத்துக்குத் தலைமையிடம். சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகவே இவர்களுடைய மரபுக்கதை சொல்கிறது. கோடை விழா நாட்களில் கடைத்தெரு நிரம்பி வழியும். மற்ற நாட்களில் இங்குள்ள சிறு ஓட்டல்களை நடத்துவது அலுவலகத்துக்கு மனு கொடுக்க வருபவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், லோடு வண்டி டிரைவர்கள் ஆகியோரின் பசிதான். அவர்களுக்கென்று வைத்த உலையில் முப்பது பேர் வந்து விழுந்தால் என்ன ஆகும்? அதைச் சமாளிப்பது தனித் தொழில்திறன். அதை யாரும் எழுதி வைத்ததில்லை.

நாங்கள் நுழைந்த ஓட்டலில் கல்லாவில் கணவர், அடுப்படியில் மனைவி. பரோட்டா மாஸ்டர் ஒருவர், பரிமாற இரண்டு பையன்கள், பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பாட்டி. அவ்வளவுதான் ஆள். வேன் டிரைவர் மலை ஏறும் முன்பே போன் போட்டுச் சொல்லியிருந்தார்.

“முப்பதுன்னீங்களேண்ணே, சின்னப் புள்ளைங்க எத்தனை?” நாங்கள் வந்து இறங்கியதும் டிரைவரிடம் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“ஆறேழு இருக்கும்க்கா.”

“அருவியில குளிச்சாங்களா?”

கேள்வியில் காரணம் உண்டு. அவருடைய கைக்கணக்கில் ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்குப் போதும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் என்றால் அஞ்சு பேருக்குத்தான் காணும். அதைக் கேட்டபிறகுதான் இரண்டாவது அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

மலைமேல் அடுப்பும் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பம் ஒரு டிகிரி குறைகிறது. 2,000 அடி உயரத்தில் 98 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அரிசிக்கு அது பெரிதில்லை, திறந்த பாத்திரத்தில் வேகும் துவரம்பருப்புக்கு நேரம் பிடிக்கும். அதனால் பருப்பை விடியற்காலையிலேயே கெட்டியாக வேகவைத்துத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார். ஆள் கூடும்போது கொதிக்கிற சாம்பாரில் வெந்நீர் ஊற்றிப் பெருக்கினால் ருசி செத்துவிடும். அந்தப் பருப்பை எடுத்து, புளித்தண்ணீர் விட்டு, புதிதாகத் தாளித்து இன்னொரு சட்டி இறக்குவார். ரசத்துக்கு அந்தக் கவலை இல்லை, கால்மணியில் வைத்துவிடலாம்.

சோறு வடிவதற்குள் கிடைக்கும் நேரத்தைப் பரிமாறுபவர்கள் கையாளும் விதம்தான் அன்று என்னை மிகவும் கவர்ந்தது. இலை போட்டு, தண்ணீர் வைத்து, ஊறுகாய், பொரியல், அப்பளம் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாதவர்கள் போல வைத்துக்கொண்டு வந்தார்கள். கடைசி வரிசைக்கு அப்பளம் வரும்போது முதல் வரிசைக்குச் சோறு வந்துவிட்டது. காத்திருந்தோம் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. குழந்தைகளுக்கு மட்டும் பரோட்டாக் கல்லிலிருந்து முதலில் போனது. பிசைந்து ஊறிய மாவை எண்ணெய்க் கையால் வீசி, சுருட்டி, கல்லில் போட்டு எடுத்து, சூடு ஆறுவதற்குள் அடுக்கி இரண்டு பக்கமும் தட்டிப் பிரிப்பார் மாஸ்டர். அந்தத் தட்டலில்தான் ஏடு ஏடாக விடும். சமவெளியில் தொழில் பழகியவர். நாள் கூலிக்கு மலை ஏறி வந்திருக்கிறார்.

மளிகையும் காய்கறியும்கூட இப்படி ஏறி வருபவைதான். கள்ளக்குறிச்சியில் வாங்கி பஸ்ஸிலோ லோடு வண்டியிலோ ஏற்றிவிட வேண்டும். ஒருநாள் வண்டி வராவிட்டால் மறுநாள் பொரியல் மாறிவிடும்.

எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பையன் கேட்டான்: “அக்கா, மலைக்கு வந்தும் பொன்னி அரிசிதானா? சாமைச் சோறு கிடைக்காதா?”

“முந்தாநாளே சொல்லியிருந்தா போட்டிருப்பேன் தம்பி. குத்தணும்ல.”

அந்த ஒற்றைப் பதிலில் மலையின் உணவு வரலாறே இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் இந்த மலையின் மானாவாரிப் பயிர்கள். மழையை மட்டும் நம்பி, சரிவான கொல்லைகளில் விளைபவை. ஆனால் சாமை மணியை உமியோடு உண்ண முடியாது. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி எடுக்க வேண்டும். மணி மிகச் சிறியது, உமியோ எளிதில் விடாது. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பெண்ணின் காலைப்பொழுது போய்விடும். 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசிக்கு அது பெரிய துணை, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உலக்கை பிடித்த கைகளுக்கு அதனால் ஓய்வும் கிடைத்தது. ஆனால் சாமைச் சோறு அன்றாடச் சமையலிலிருந்து விலகி, கேட்டால் செய்து தரும் பொருளாகிவிட்டது. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் சாமைப் பாக்கெட்டுகள் வரிசை கட்டின. அது விளையும் மலையின் ஓட்டல் இலைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

மரவள்ளியின் கதையும் ஏறத்தாழ இதேதான். மலையில் தோண்டும் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கிப் போகிறது. அடிவாரத்து மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனமாகிறது. இந்த இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை. சாம்பாரில் மிதந்த தக்காளியும் தாளித்த மிளகாயும்கூட அப்படித்தான்.

மக்காச்சோளத்தின் தாய்நாடான மெக்சிகோவில் சிற்றூர்க் கடைவீதிகளில் ‘ஃபோண்டா’ என்ற குடும்ப ஓட்டல்கள் உண்டு. பெரும்பாலும் பெண்கள் நடத்துபவை. மதியத்தில் நம் ஊர் அளவுச் சாப்பாடு மாதிரி சூப், சோறு, ஒரு குழம்பு வகை, குடிக்க ஏதாவது என்று வரிசையாக ஒரே விலைக்கு வரும். கூடவே சூடான டொர்ட்டியா. அதற்கான மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோல் கழுவி அரைக்கிறார்கள். பல ஆயிரம் ஆண்டுப் பழக்கம் இது. அப்படிச் செய்தால்தான் சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் சேரும். 2010இல் மெக்சிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பாக்கெட் மாவு அங்கும் புகுந்துவிட்டது, உண்மை. ஆனாலும் அந்நாட்டுச் சிற்றூரில் பசியோடு இறங்கும் பயணிக்கு அந்த மண்ணின் தானியம் கேட்காமலே தட்டுக்கு வந்துவிடும். வெள்ளிமலையில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இதற்கு அந்த அம்மாவைப் பொறுப்பாக்குவது அநியாயம். நாலு கிலோ சாமை குத்தி வைத்து, வேன் வராமல் போனால் நட்டம் முழுக்க அவர் தலையில். உள்ளூர் ஆட்களோ அரிசிச் சோற்றுக்குத்தான் ஓட்டலுக்கு வருகிறார்கள். வீட்டில் எப்போதாவது ஆக்குவதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள்? மலைக்கு வருகிற நாம்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சொன்னால் வரவும் வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் எங்கள் குழுவின் ஏற்பாட்டாளர் கல்லாவுக்கு அருகில் நின்று விசாரித்தார். மறுமுறை வந்தால் சாமைச் சோறும், மொச்சைக் குழம்பும், கீரைக் கடைசலும் போட முடியுமா என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே நிபந்தனைகளைச் சொன்னார். இரண்டு நாள் முன்னே போன் வர வேண்டும். பாதிப் பணம் அப்போதே அனுப்பிவிட வேண்டும். குத்திக் கொடுக்கும் இரண்டு பெண்களுக்குக் கூலி தனி, அதை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். ஏற்பாட்டாளர் போன் நம்பரை எழுதிக்கொண்டார். “குளிச்சுட்டு வருவீங்களா, குளிக்காம வருவீங்களான்னும் சொல்லிடுங்க” என்று சேர்த்துச் சொன்னார் அம்மா, அடுத்த உலைக்கு அரிசி களைந்தபடியே.