நான் வெட்டிய அடிகள்

வேடந்தாங்கல் ஏரிப் பாசனத்தில் நவரை நடவின்போது என் பெரியம்மாவும் அவரோடு நட்ட பெண்களும் பாடிய பாட்டை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன், அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டேன்.

தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவன் நான். சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ் என்று நான்காகப் பிரித்துப் பாடுவதுதான் எனக்குச் சங்கீதம். வாத்தியமே இல்லாமல் குரல்கள் மட்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் பாடல்கள்மேல் தனி மோகம். அதுதான் ஆங்கில நாட்டுப்பாடல்களிடம் என்னைக் கொண்டுபோனது. சசெக்ஸ் கடலோரம் ராட்டிங்டீன் என்ற ஊரில் காப்பர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வெறுங்குரலில் இரண்டு பாகமாகப் பாடிவந்தார்கள். மண்ணில் உழைத்தவர்கள் அவர்கள்; பெரியவர்கள் பாடப் பிள்ளைகள் கேட்டுக் கற்றார்கள். 1898இல் கேட் லீ என்ற பெண்மணி அங்கே போய் ஜேம்ஸ், தாமஸ் என்ற காப்பர் சகோதரர்கள் பாடியதை எழுதிக்கொண்டார். அந்த ஆண்டு தொடங்கிய நாட்டுப்பாடல் சங்கம் இருவரையும் கௌரவ உறுப்பினர்களாக ஏற்றது.

நம் நடவுப் பாட்டையும் இப்படிப் பாடவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் ஏற்கெனவே பல குரல் இருந்ததை என் காது ஒப்புக்கொள்ளவில்லை. ஒருத்தி அடி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவள் முடிக்குமுன்பே இருவர் உள்ளே நுழைந்துவிடுவார்கள். குனிந்த முதுகோடு மூச்சு வாங்குகிறவள் அரை அடி பின்னால் வருவாள். இன்னொருத்தி மேலே எட்டி இழுத்துக்கொண்டிருப்பாள். நாற்று முடியை அவிழ்க்கும்போது பாட்டு நீளும், கை வேகமெடுத்தால் சுருங்கும். இதையெல்லாம் பிசிறு என்று நினைத்தேன். நாலெண்ணிக்கைத் தாளத்தில் கட்டி, எல்லோரும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிக்கும்படி செதுக்கினேன்.

அதைவிடப் பெரிய குற்றம் சொற்களில் செய்தது. குறை மரக்காலால் கூலி அளந்தவரைப் பற்றியும் குடை பிடித்து வரப்பில் நின்றவரைப் பற்றியும் அடிகள் இருந்தன. என் குழு பாடவிருந்த சென்னை அரங்குக்கு அவை உதவாது என்று வெட்டினேன். நாரை வரும் அடியை இரண்டு முறை பாடவைத்தேன். வேடந்தாங்கல் என்றால் பறவை. பறவைகளைக் காக்க ஊரார் 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கௌல் என்ற உரிமைச் சாசனம் பெற்ற கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். பறவை எச்சம் கலந்த அந்தத் தண்ணீரில் நின்று நட்டவர்களுக்கு என் பாட்டிலும் இடம் இல்லாமல் போனது. நிகழ்ச்சித் தாளில் பாடலுக்குக் கீழே என் பெயர் மட்டும்.

ஆங்கில நாட்டுப்பாடல்களைச் சேகரித்த செசில் ஷார்ப் 1903இல் ஹாம்பிரிட்ஜில் ஜான் இங்கிலாந்து என்ற தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு எழுதியதிலிருந்து தன் சேகரிப்பைத் தொடங்கினார். பிறகு அவர் பியானோ சேர்த்ததையும், பள்ளிப் புத்தகத்துக்காகச் சொற்களை மாற்றியதையும் நான் குழுவினரிடம் கடுமையாகச் சாடியிருக்கிறேன். ஆனால் அவர் மூலச் சொற்களைக் குறிப்பேட்டில் காத்துவைத்தார், பாடியவர் பெயரையும் எழுதினார். நான் இரண்டையும் செய்யவில்லை. வெட்டிய அடிகள் என்னிடம் எங்கும் இல்லை. நினைவிலும் முழுதாக இல்லை.

அரங்கில் நாங்கள் பாடியதன் பதிவு கைப்பேசி வழியாக ஊருக்கும் போய்விட்டது. பெரியம்மாவிடம் மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, எண்ணிக்கை பிசகாமல், நாரை அடியை இரண்டு தரம் பாடி நிறுத்தினார்.

"மரக்கால் அடி என்ன ஆச்சு பெரியம்மா?"

"அது வேணாம்னு நீதானப்பா எடுத்துட்ட. இப்ப எனக்கே வரல."