கால் பங்கு படம் எங்கே?

மலருக்குக் கட்டுரை கேட்டதும் நம் பசங்க பாதிப்பேர் 'தன்னம்பிக்கை', மீதிப்பேர் 'விடாமுயற்சி' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு பழைய டிவி சீரியல்தான். சிரிக்காதீர்கள்!

'மர்மதேசம்' வரிசையில் வந்த 'விடாது கருப்பு' பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கதை இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா, தயாரிப்பு கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள். 1990களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்தது. ஊருக்கு ஊர் கருப்பசாமி கும்பிடுகிற நம் விருதுநகர்ச் சீமையில் அந்தக் கதை எப்படி ஓடியிருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

அம்மா அப்போது சின்னப் பிள்ளை. எட்டாவதோடு நிறுத்தி, தீப்பெட்டி ஒட்ட உட்கார வைத்துவிட்டார்கள். ஆலங்குளத்தில் அவர்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. பசைக் கிண்ணத்தோடு அங்கே போய் உட்கார்ந்துவிடுவாளாம்.

"கண்ணு பெட்டில, காது கதைல. குதிரைச் சத்தம் கேட்டு நிமுந்தா அடுத்த சீன் வந்துரும். ஒரு தடவையாவது குனியாம பாக்கணும்யா" என்பாள்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். டிவி, போன், மிக்சி எது மக்கர் பண்ணினாலும் நான்தான் இன்ஜினியர்! இதுவும் என் தலையில் விழுந்தது.

2007இல் மோசர் பேயர் சினிமா விசிடியை 28 ரூபாய்க்கு விற்றது. ராமாயணம், மகாபாரதம் கூட டிவிடியாக வந்தன. 'விடாது கருப்பு' டிவிடி, சிவகாசியிலும் ராஜபாளையத்திலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. யூடியூபில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல காரியம்தான். ஆனால் எங்கள் வீட்டு நெட் என்பது என் போன். அது காலையில் என்னோடு பஸ் ஏறிவிடும். அதனால் ஒரு செல் கடையில் காசு கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றி வந்தேன்.

அரசு கொடுத்த பழைய இலவசக் கலர் டிவியில் போட்டால், மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. "ஏய்யா, ஆளுக்கெல்லாம் நெத்தியே இல்லையே?" என்றாள் அம்மா.

கணக்கு இதுதான். அந்தக் காலத்துச் சீரியல்கள் 4:3 அளவில் எடுத்தவை. நம் பால் முறையில் படத்துக்கு 576 கோடுகள். அகல டிவி முழுக்க நிறையட்டும் என்று யாரோ 16:9 ஆக வெட்டினால் மிஞ்சுவது 432. கால் பங்கு காலி! எங்கள் டிவியோ 4:3. வெட்டிப் போட்ட இடத்தில் கறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இது போதாதென்று, நொடிக்கு 50 அரைப் படமாக வந்ததை ஒழுங்காகக் கோர்க்காததால் குதிரை ஓடும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடு கோடாக அடித்தது.

அம்மாவிடம் கால் பங்கு என்று மட்டும் சொன்னேன்.

"50 குச்சி போட வேண்டிய பெட்டில 37 போட்டா எங்க ஆபீஸ்ல விடுவாகளா?"

இந்த வயிற்றெரிச்சல் அமெரிக்காக்காரனுக்கும் உண்டு. 2021இல் நெட்ஃபிளிக்ஸில் 'சைன்ஃபெல்ட்' வந்தபோது, ரோட்டுப் பள்ளத்தை வைத்தே எடுத்த ஒரு பகுதியில் அந்தப் பள்ளமே வெட்டுப்பட்டுப் போனது! 2019இல் டிஸ்னி பிளஸ் 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூனை அகலமாக்கியதில் சில ஜோக்குகள் காணாமல் போயின. ரசிகர்கள் விடாமல் கத்தியதில் 2020 மே மாதம் பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள். புதுசாக மெருகேற்றித் தாருங்கள் என்றா கேட்கிறோம்? எடுத்ததை எடுத்த அளவில் கொடுத்தால் போதும்.

ஒரு உதவி. யார் வீட்டுப் பரணிலாவது அந்த நாளில் டிவியில் பதிவு செய்த வி.எச்.எஸ். கேசட் கிடந்தால் சொல்லுங்கள். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், ஹெட் கெட்டுவிடும். அப்படியே எடுத்து வாருங்கள். இரண்டாம் ஆண்டு இ.சி.இ.யில் கடைசி பெஞ்ச், ஜன்னல் ஓரம்.