ஒன்னுமில்லைன்னு சொன்ன காது

 

உறுமி மேளம் உள்ளே வந்தா நான் மெதுவா நகர்ந்து பாத்திரம் கழுவுற இடத்துக்குப் போயிடுறேன்னு தொண்டர்கள் பல பேர் கவனிச்சிருக்கீங்க. "அண்ணனுக்கு யார் மேல கோபம்?" என்று ஒரு தம்பி நேராகவே கேட்டுட்டார். கோபம் இல்லை தம்பி. காது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்ல முடியல, அதனால இங்கேயே முழுசா எழுதிடுறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

வலது காது. கெந்திங் மலை ஏறும்போது காது அடைக்குமே, எச்சில் விழுங்கினா பொக்குன்னு விடுமே, அந்த மாதிரி அடைப்பு. ஆனா எனக்கு விழுங்கினாலும் விடாது. அதோட காதுக்குள்ளே ஆழத்துல ஒரு மந்தமான வலி. காலையில் எழுந்ததும் அதிகம், மதியத்துக்கு மேல் குறையும். ராத்திரி வீடு அடங்கினதும் மெல்லிசா ஒரு 'ங்ங்ங்' சத்தம். பக்கத்து வீட்டு ஏர்கான் என்று நினைத்தேன். ஏர்கானே இல்லாத என் அக்கா வீட்டில் படுத்தபோதும் அதே சத்தம் கேட்டது.

கம்பெனி பேனல் கிளினிக்குப் போனேன். டாக்டர் லைட் அடிச்சுப் பார்த்தார். அழுக்கு இல்லை, சீழ் இல்லை, செவிப்பறை நல்லா இருக்கு. சொட்டு மருந்து கொடுத்தார். ரெண்டாவது தடவை ஆன்டிபயாட்டிக், மூணாவது தடவை அலர்ஜி மாத்திரை. மூணு தடவையும் கடைசியில் சொன்னது ஒன்னுதான், "ஒன்னுமில்லை."

ஒன்னுமில்லை என்பது நல்ல செய்திதான். ஆனா வலி இருக்கிறவன் அதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வான்? காய்ச்சல்னா தொட்டுப் பார்க்கலாம். கால்ல கட்டு இருந்தா நாலு பேர் எழுந்து நாற்காலி கொடுப்பாங்க. காது வலியை யாருக்குத் திறந்து காட்டுறது? கொஞ்ச நாளில் நான் சொல்றதையே நிறுத்திட்டேன்.

வீட்டுல ஆளுக்கு ஒரு வைத்தியம். மனைவி பூண்டு போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினாங்க. காரணம் தெரியாம காதுக்குள்ள எதுவும் ஊத்தக்கூடாதுன்னு கிளினிக்ல சொன்னதால வெளியில் மட்டும் தடவினோம். மாமியார் உப்பு மிளகாய் சுத்திப் போட்டாங்க. கோவிலுக்கு வர்ற ஒரு பாட்டி, "பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடும்போது காதை ரொம்ப இழுத்திருப்ப"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சாமிகிட்ட வேண்டாமல் இல்லை. ஆனா மெஷின் நின்னுபோனா முருகான்னு சொல்லிக்கிட்டே டெக்னீஷியனுக்கும் போன் போடுறோமா இல்லையா, அது மாதிரி தான் இதுவும்.

எல்லாரும் கையைக் காட்டினது என் வேலையை. ஷா ஆலத்தில் இரும்புத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் 27 வருஷம். பிரஸ் மெஷின் சத்தம் எப்படி இருக்கும்னு கிள்ளான் ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா எங்க பகுதியில் இயர் பிளக் இல்லாம கோட்டைத் தாண்ட முடியாது, அதைப் பார்த்துக்கிறதே என் வேலை. நம்ம நாட்டுச் சட்டத்தில் முன்பு 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை விட்டிருந்தாங்க. 2019 ஜூன் 1 முதல் அது 85. அதுக்கு மேல் சத்தம் உள்ள இடத்தில் வேலை செய்றவங்களுக்கு வருஷா வருஷம் காது டெஸ்ட் எடுக்கணும். என் டெஸ்டில் ரெண்டு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு பள்ளம் இருக்கு. சத்தத்தில் தேய்ஞ்ச காதுக்கு அதுதான் அடையாளம்.

இங்கேதான் எனக்கு இடிச்சது. பள்ளம் ரெண்டு காதிலும் ஒரே அளவு. அப்படின்னா வலது காது மட்டும் ஏன் வலிக்கணும்? ரெண்டு மெஷின் ஒரே மாதிரி தேய்ஞ்சு, ஒன்னு மட்டும் சத்தம் போட்டா, தேய்மானம் காரணம்னு எழுதி மூட முடியாது. வேற எங்கேயாவது பார்க்கணும்.

கிளினிக் கெசிஹத்தானில் 1 வெள்ளி கட்டி, கடிதம் வாங்கி, அரசாங்க மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குத் தேதி வாங்கினேன். பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் நான் உண்மையில் பயந்தேன். பெரியவங்களுக்கு ஒரு பக்கக் காது மட்டும் அடைச்சுக்கிட்டே இருந்தா மூக்குக்குப் பின்னாடி கட்டி இருக்கான்னு பார்க்கணும்னு கிளினிக் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். காதுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குழாய் மூக்கின் பின்பக்கம் போய்த் திறக்குது. அந்த வாயில் ஏதாவது வளர்ந்து மூடினா காது அடைக்கும். அங்கே வர்ற புற்றுநோய் நம்ம நாட்டில் சீனர்களிடமும் சரவாக் பிடாயு மக்களிடமும் அதிகம், இந்தியர்களிடம் குறைவு. குறைவுன்னா இல்லைன்னு அர்த்தம் இல்லையே. ஒரு ராத்திரி தூக்கம் வராம எழுந்து, ஈ.பி.எஃப். பேப்பரில் யார் பேர் போட்டிருக்குன்னு எடுத்துப் பார்த்தேன். மனைவி பேர்தான். பார்த்துட்டு மடிச்சு வெச்சேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது, இப்போ படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க.

தேதி வந்தது. ஒரு மலாய் டாக்டர், வயசு என் மகள் வயசுதான் இருக்கும். இசைக்கவை மாதிரி ஒரு கம்பியைத் தட்டி நெத்தியில் வெச்சாங்க, காதுக்குப் பின்னாடி வெச்சாங்க. செவிப்பறை எப்படி அசையுதுன்னு காற்றழுத்தம் வெச்சு ஒரு டெஸ்ட். அப்புறம் மூக்கு வழியா கேமரா. மெல்லிசான வயர்தான், மரத்துப்போக மருந்து அடிப்பாங்க, கண்ணில் தண்ணி வரும், ரெண்டு நிமிஷத்தில் முடிஞ்சிடும். திரையில் எனக்கும் காட்டினாங்க. "சுத்தமா இருக்கு பாக்சிக்." அதே ஒன்னுமில்லைதான், ஆனா அந்த ஒன்னுமில்லைக்கு நான் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டுட்டேன்.

அவங்க அதோட அனுப்பிவிடல. முறுக்கு, வேர்க்கடலை மாதிரி கெட்டியா மென்னா வலி கூடுமான்னு கேட்டாங்க. கூடும். காலையில் எழுந்ததும் தாடை கனக்குமா? கனக்கும். என் ரெண்டு சுண்டுவிரலையும் காதில் விட்டு வாயைத் திறந்து மூடச் சொன்னாங்க. நீங்களும் இப்போ செஞ்சு பாருங்க, விரல் நுனியில் ஏதோ உருளும். அதுதான் தாடை மூட்டு. காதுத் துவாரத்துக்கு முன்னால ஒட்டின மாதிரி உட்கார்ந்திருக்கு. எனக்கு இடது பக்கம் சும்மா உருண்டது. வலது பக்கம் 'டக்'குன்னு இடிச்சது, வலியில் கண்ணை மூடிட்டேன்.

அவங்க சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் ஆச்சரியம். காது ஒரு சின்ன உறுப்பு, ஆனா அதுக்குப் பல நரம்புகள் வந்து சேருது. தாடையிலிருந்து ஒன்னு, தொண்டையிலிருந்து ஒன்னு, கழுத்திலிருந்தும் வருது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அதுவும் இந்த நரம்பு வேலைதான். அதனால கடைவாய்ப் பல் கெட்டுப்போனாலும், தொண்டையில் கோளாறு இருந்தாலும், கழுத்து பிடிச்சாலும் காது வலிக்கிற மாதிரி இருக்கலாம். காதுக்குள்ளே எத்தனை லைட் அடிச்சாலும் தெரியாது. 1934-லேயே அமெரிக்காவில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது மருத்துவர் தாடை மூட்டுக் கோளாறால் காது அடைப்பும் வலியும் வரும்னு எழுதியிருக்காராம், மகள் தேடிப் படிச்சுச் சொன்னாள். அவர் சொன்ன காரணங்கள் சிலது பிற்பாடு தப்புன்னு ஆயிடுச்சு, ஆனா தாடைக்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டு என்பது நின்னுச்சு.

தாடை ஏன் கெட்டுச்சுன்னு தெரிஞ்சுக்க பல் டாக்டர் தேவைப்பட்டது. கொம்யூட்டர் பிடிச்சு கேஎல் சென்ட்ரல் இறங்கி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கிளினிக்குப் போனேன். பின்பல்லு எல்லாம் தட்டையா தேய்ஞ்சிருக்கு, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீங்க என்றார். கூட வந்த மனைவி, "நறநறன்னு சத்தம் வரும் டாக்டர், வருஷக் கணக்கா வருது"ன்னு சர்வ சாதாரணமா சொன்னாங்க. இத்தனை நாள் என்கிட்ட சொல்லவே இல்லை! கேட்டா, "ஆம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்" என்கிறாங்க.

கஷ்டத்தில் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்க. ஷிப்டில் ஆள் பற்றாக்குறை, மகனுக்குக் காலேஜ் பணம், அம்மா படுக்கையில் கிடந்த காலம், எல்லாத்துக்கும் நான் நிஜமாவே கடிச்சிருக்கேன் போல.

பல் அச்சு எடுத்து ராத்திரி போட்டுக்கிற கவசம் செஞ்சு கொடுத்தாங்க. சில நூறு வெள்ளி ஆச்சு. கெட்டியான பண்டம் கிடையாது. சுடுதண்ணி ஒத்தடம். பகலில் உதடு மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாம வெச்சுக்கணும். இது எவ்வளவு கஷ்டம்னு ஒரு மணி நேரம் முயற்சி பண்ணிப் பாருங்க. நாலு மாசத்தில் வலி முக்கால்வாசி போயிடுச்சு. செக்கப் முடிஞ்ச அன்னிக்கு ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோவிலுக்கு நடந்து போய் ஒரு அர்ச்சனை செஞ்சுட்டுத்தான் ரயில் ஏறினேன்.

அந்த 'ங்ங்ங்' மட்டும் போகல. அது 4000 ஹெர்ட்ஸ் பள்ளத்தோட கணக்கு. உள்காதில் இருக்கிற நுண்ணிய மயிர் செல்கள் ஒரு தடவை செத்தா மனுஷனுக்குத் திரும்ப முளைக்காது. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் நின்ன ராத்திரி அது கூடிடும். நான் உறுமி மேளத்தை விட்டு நகர்றது இதுக்காகத்தான்.

இதில் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கு. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்றால், 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிஷம். போன தைப்பூசத்தில் மேளத்துக்குப் பக்கத்தில் போன் ஆப் வெச்சுப் பார்த்தேன், 100-ஐத் தாண்டியது. போன் சரியான மீட்டர் இல்லைதான், கூடக் குறைய இருக்கும். அதுக்கு நடுவில் அப்பா தோளில் ரெண்டு வயசுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. மேளம் வேணாம்னு நான் சொல்லல. காவடிக்கு உறுமி இல்லாம எப்படி? என் தம்பி மகனே ஒரு குழுவில் அடிக்கிறான். அடிக்கிற பிள்ளைங்க மணிக்கணக்கா அதுக்குள்ளேயே நிக்கிறாங்க, அவங்களுக்கு வயசு இருபதுதான். தொழிற்சாலையில் அந்தச் சத்தத்தில் ஒருத்தனை வெறும் காதோட நிக்க வெச்சா சட்டம் என்னைக் கேட்கும்.

நிர்வாகத்திடம் பேசிட்டேன், தலைவர் சரின்னு சொல்லிட்டார். வர்ற தைப்பூசத்துக்குச் செருப்பு வைக்கிற கவுண்டரில் நுரை இயர் பிளக் ரெண்டு பெட்டி இருக்கும், இலவசம். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, காதைப் பின்பக்கம் மேலே இழுத்து உள்ளே விட்டு, உப்புற வரைக்கும் அரை நிமிஷம் பிடிச்சுக்கணும். போடத் தெரியலன்னா என்கிட்ட வாங்க. சின்னக் குழந்தைங்களுக்கு அது சரிப்படாது, மேளம் வரும்போது அவங்களை அன்னதானக் கூடாரத்துக்குப் பின்னாடி கூட்டிட்டு வாங்க. நான் அங்கேதான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருப்பேன்.