உயர்த்திய வண்டிக்கொரு புகைக்குழாய்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். ஆசிரியப் பெருந்தகைகளின் சீர்மையையும் விளையாட்டு வெற்றிகளையும் என்னினும் நன்கு எழுதவல்லார் பலருளராதலின், யான் அன்றாடம் பழகும் பொருளொன்றைப் பற்றியே எழுதத் துணிந்தேன். சமயமும் இலக்கியமும் மணக்கும் ஏட்டிலே டீசற் புகையோ என்று அன்பர்கள் முகஞ் சுளிக்க வேண்டாம். நம் கல்லூரியிலே விஞ்ஞானக் கூடமும் இருந்ததன்றோ!

யான் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் வயல் செய்பவன். என்னிடமுள்ளது லான்ட் றோவர் டிபென்டர் 110. இரண்டரை லீற்றர் டர்போ டீசல் எஞ்சின் பூண்டது. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபின், சுருள்வில்லுகளை மாற்றி அதனை 2 அங்குலம் உயர்த்தினேன். அயலிலே எவருக்கேனும் வருத்தமென்றால், கன்வஸ் கூரையிட்ட அதன் பின்பகுதியிற் பாய் விரித்துப் படுக்கவைத்தே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்வோம். பழைய புகைக்குழாய் துருவேறி உதிர்ந்தபோது, புதியது எத்தகையதாயிருத்தல் வேண்டும் என்ற ஆராய்ச்சி எழுந்தது.

என் தமக்கையின் மகனுக்கு ஆராய்ச்சியே வேண்டியிருக்கவில்லை. "மாமா, ஜீப் சந்தியிலை திரும்பேக்கை வீட்டிலை கேக்கவேணும்" என்றான். மூன்றங்குலக் குழாய், சைலன்சர் இல்லை, இதுவே அவனது திட்டம். இளைஞர் பலரின் திட்டமும் இதுவே.

இரண்டரை அங்குலக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறக்குறைய 4.9 சதுர அங்குலம். மூன்றங்குலக் குழாய்க்கு 7.1. அரை அங்குலந்தானே என்பது நூற்றுக்கு 44 வீதமாய் முடிகின்றது. டர்போ எஞ்சினில் வெளியேறும் புகையே டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுவதால், அதற்கப்பால் அமுக்கம் குறையக் குறைய நன்மையே. "பின்னமுக்கம் இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்று கராச்சுகளிற் கூறப்படுவது டர்போவுக்குப் பொருந்தாது. டர்போ இல்லாத எஞ்சினிலோ, விரைந்து செல்லும் புகைத்திரள் தன் பின்னே வருவதையும் இழுத்துச் செல்லும். குழாய் அளவுக்கு மிஞ்சி அகன்றால் அவ்வேகம் தளரும். குறைந்த சுற்றில் இழுவையும் தளரும். சேற்றிலே நமக்கு வேண்டியது குறைந்த சுற்றில் இழுவையே. என் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலம் தாராளம். மூன்றங்குலத்தை வளைத்துக்கொண்டுபோக அடியில் இடமுமில்லை.

இடம் என்பதே இவ்விடயத்தின் உயிர்நிலை. வில்லுகளால் வண்டியை உயர்த்தும்போது உடலும் அடிச்சட்டமும் உயர்கின்றன. அச்சும் டிபரென்சலும் உயர்வதில்லை. அச்சு முன்னரிலும் கீழே தொங்கக்கூடும். சில்லுகளுக்கு விசை கொண்டுசெல்லும் சுழல்தண்டின் சாய்வும் மாறும். ஆகவே சமதரையில் நிறுத்திப் பார்த்துக் குழாயைப் பொருத்துதல் போதாது. ஒரு சில்லை வரம்பின்மேல் ஏற்றி, மற்றச் சில்லைத் தொங்கவிட்டு, இரு நிலையிலும் கைவிரல்களை இடையிலே செலுத்திப் பார்த்தல் வேண்டும். குழாயின் எப்பகுதியும் அடிச்சட்டத்திற்குக் கீழே இறங்கலாகாது. வால் நீண்டிருந்தால், வாய்க்காலிலிருந்து ஏறுகையில் நிலத்தில் முட்டி நசுங்கும். நசுங்கினால் எஞ்சின் மூச்சுத் திணறும். கோடையிலே காய்ந்த புல் குழாயைச் சுற்றிச் செருகிக்கொண்டு தீப்பற்றுவதும் உண்டு.

அப்படியாயின் வாலைக் குறுக்கிப் பின்சில்லுக்கு முன்னே பக்கவாட்டில் விட்டாலென்ன? பலர் அவ்வாறே செய்கின்றனர். முட்டும் இடர் நீங்கும். ஆனால் புகை பின்னாலிருப்போரின் காலடியிலேயே கக்கப்படும். ஓடும் வண்டியின் பின்புறத்தில் அமுக்கம் குறைந்திருக்கும்; கன்வஸின் இடுக்குகளால் புகை உள்ளே இழுக்கப்படும். டீசற் புகையில் காபனோரொட்சைட்டு பெற்றோற் புகையிலும் குறைவு. இல்லையென்று சொல்ல முடியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, குமட்டல், உறக்கம் என்று வரும். காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளைக்கு அவற்றை எவர் வேறுபிரித்து அறிவார்? எனவே வாயிலைப் பின்சில்லுக்கும் அப்பாற் கொண்டுபோய், உடலின் விளிம்பைத் தாண்டி வெளிநோக்கித் திருப்பினேன். சற்று மேலே கொண்டுசெல்ல வேண்டியிருந்ததால் இரண்டு வளைவு கூடிற்று, கூலியும் கூடிற்று.

வெள்ளத்திற்காகக் குழாயைக் கூரைவரை உயர்த்துவோருமுளர். எஞ்சின் இயங்கும்வரை புகையின் வேகமே நீரைத் தள்ளிவிடும். உண்மையான ஆபத்து எஞ்சின் காற்றை இழுக்கும் வாயிலேதான். உயர்த்த வேண்டியது அதனை.

இனி உலோகம். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகின்றது. சிறுதூரம் ஓடி நிறுத்தும் வண்டியில் அது குழாயினுள்ளே நீராய்த் தங்கி, மென்னுருக்கை உள்ளிருந்தே அரிக்கும். கறையில் உருக்கு என்று கடைக்காரர் கூறுவதெல்லாம் ஒன்றன்று. 304 வகையில் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. 409 வகையில் குரோமியம் 11 வீதமளவே. 409 காந்தத்திற்கு ஒட்டும். 304 பெரும்பாலும் ஒட்டாது. சட்டைப்பையில் ஒரு காந்தத் துண்டோடு கடைக்குச் செல்க. 304 அழகியது, ஆனால் சூட்டில் அதிகம் விரியும். 3 மீற்றர் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் நீளும். இறப்பர்த் தொங்கிகளில்லாமல் இறுக்கிக் கட்டினால் ஒட்டு வெடிக்கும். யான் 409 ஐயே தேர்ந்தேன். மேற்பரப்புச் சிவந்தாலும் நெடுநாள் உழைக்கும், விலையுங் குறைவு.

நடுச் சைலன்சரை நீக்க விடவில்லை. இரவிலே குளக்கட்டால் வருகையில், முன்னே யானை முறிக்கும் கிளையின் ஓசை என் காதில் விழவேண்டும். சந்தி வீட்டார் உறங்கட்டும்.

வேலை முடிந்ததும் மருமகனைப் பின்னே இருத்தி, கன்வஸை இறுகக் கட்டி, அரைமணி நேரம் ஓட்டினேன். "கண் எரியுதோ?" என்று கூவினேன். "இல்லை மாமா, நித்திரைதான் வருகுது" என்றான். உடனே நிறுத்தி அவனைக் கீழே இறக்கி, மரநிழலில் இருத்தி விசாரித்தேன். முதனாளிரவு முழுவதும் கிரிக்கெட் பார்த்திருக்கிறான். மறுநாள் நன்றாக உறங்கச் செய்து, மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். மாங்குளம்வரை பாடிக்கொண்டே வந்தான்.