இரண்டு மைல் வட்டங்கள்

ராமேசுவரம் துறைமுகச் சாலையில், பேட்டரிக் கடைக்கும் வலைக்கடைக்கும் நடுவே இருக்கிறது அந்தச் சின்ன அறை. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் பழுதுபார்க்க இங்கேதான் வரும். விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாத நாளில்தான் இங்கே கூட்டம். புதுக் கருவி ஒன்றோடு வந்திருந்த இளம் டிரைவர், "பார்டருக்கு அலாரம் வச்சுக் குடுங்கண்ணே" என்றார்.

கேட்பது எளிது. 1974-ன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் பாக் நீரிணையிலிருந்து ஆதம் பாலம் வரையான கடல் எல்லையை ஆறு புள்ளிகளால் குறிக்கிறது. மூன்றாவது, வடக்கே 9 டிகிரி 40.15 நிமிடம், கிழக்கே 79 டிகிரி 22.60 நிமிடம். நான்காவது, 9 டிகிரி 21.80, 79 டிகிரி 30.70. இவற்றை இணைக்கும் கோடு கச்சத்தீவுக்குச் சற்று மேற்கே இறங்குகிறது. ஆறையும் மெக்கானிக் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

கருவியை எடுத்ததும் அவர் முதலில் பார்த்தது, எண்களை அது எந்த முறையில் வாங்குகிறது என்பதை. 9 டிகிரி 21.80 நிமிடத்தை 9.2180 டிகிரி என்று ஏற்றிவிட்டால் அது உண்மையில் 9 டிகிரி 13.08 நிமிடம். புள்ளி ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அந்தக் கருவியில் கோட்டுக்கு அலாரம் கிடையாது. பாயிண்டைச் சுற்றி வட்டம் போடத்தான் முடியும். மூன்றாவது புள்ளிக்கும் நான்காவதுக்கும் இடையே 20 நாட்டிக்கல் மைல். இரண்டு முனைகளில் மட்டும் வட்டம் வைத்தால் நடுவில் படகு பாட்டுக்குப் போய்விடும். அதனால் கோட்டின் மேலேயே இரண்டு மைலுக்கு ஒரு பாயிண்ட் வைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மைல் ஆரம் கொடுக்கிறார். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு வட்டங்கள் வெட்டும் இடத்தில் நுழைந்தாலும் கோடு இன்னும் 1.7 மைல் தள்ளியே இருக்கும்.

அந்த 1.7 போதுமா என்பதில்தான் பேச்சு சூடானது. மடி என்கிற இழுவலையை இழுக்கும் படகு மூன்று நாட் வேகத்தில் நேராகக் கோட்டை நோக்கிப் போனால் 35 நிமிடத்தில் தொட்டுவிடும். "மடியை ஏத்தவே கால் மணி நேரம் ஆயிரும். கச்சான் காத்தும் நீவாடும் கிழக்க தள்ளுனா?" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர். இளைஞருக்கோ இரண்டு மைலே அதிகம். ராமேசுவரத்திலிருந்து நேர்கிழக்கே எல்லை சுமார் 12 மைல்தான். அதில் இரண்டை அலாரத்துக்குக் கொடுத்துவிட்டு எங்கே இழுப்பது என்பது அவர் கணக்கு. தூரத்தை நேரமாக மாற்றி யோசித்த பெரியவர் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிந்தது.

நங்கூரமிட்ட இடத்தைவிட்டுப் படகு நகர்ந்தால் கத்தும் நங்கூர அலாரம் இதைவிடச் சுலபம், அதற்கும் ஒரு பக்குவம் உண்டு. 0.1 மைல் வைத்தால் 185 மீட்டர். அதற்கும் குறைத்தால், கயிற்று நீளத்துக்குப் படகு சும்மா சுற்றினாலே கத்தித் தீர்க்கும். இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டவர் அதை அணைத்துவிட்டுத்தான் படுப்பார்.

பழுதுக்கு வந்த பழைய கருவிகளில் நூற்றுக்கணக்கில் பாயிண்டுகள் இருக்கும். வலையைக் கிழிக்கும் பார், மூழ்கிய படகு, நல்ல பாடு கிடைத்த இடம். ஒருவர் பாயிண்டை இன்னொருவருக்குக் காட்டினால் கடையை மூடவேண்டியதுதான் என்றார் மெக்கானிக். அழிந்துபோனாலோ, அதைவிட மோசம். அதனால் கருவியைத் திறக்குமுன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

தாண்டுகிறவர்களெல்லாம் தெரியாமல் தாண்டுகிறார்கள் என்று கரையில் உட்கார்ந்து எழுதுவது நமக்கு வசதியான பொய். இறால் அந்தப் பக்கம் இருப்பது டிரைவருக்குத் தெரியும். நம் மடிகள் அறுத்துப் போவது இலங்கையின் வடக்கில் உள்ள தமிழ் மீனவர்களின் வலைகளை என்பதும் தெரியும். நீவாடு என்கிற நீரோட்டத்தில் இழுபட்டோ, இருட்டில் அயர்ந்தோ போகிறவருக்கு இந்த அலாரம் உதவும். மற்றவர்களைப் பற்றி அந்த அறையில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி வேலை சத்தம். கருவிக்குள்ளிருந்து வரும் பீப் டீசல் இன்ஜின் இரைச்சலில் கேட்காது. அலாரத்துக்கென்று வெளியே வரும் வயரில் ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து பெரிய பஸ்ஸர் ஒன்றுக்குக் கரண்ட் கொடுத்தார். கூடவே ஒரு சுவிட்சும் வைத்தார். சுவிட்ச் எதற்கு, அணைத்துவிடுவார்களே என்று கேட்டேன்.

"சுவிட்ச் இல்லேன்னா வயரை அறுத்துருவாங்க சார். அறுத்த வயரை மறுபடி யாரும் சேக்க மாட்டாங்க."

இளைஞர் ஆரத்தை ஒன்றரையாகக் குறைக்கச் சொன்னார். மெக்கானிக் முதலில் பெரியவரைப் பார்த்தார். அப்புறம் இரண்டிலேயே விட்டு, பில் எழுத ஆரம்பித்தார்.