நூறு என்னும் எண்

சென்ற கோடை விடுமுறையில் யான் இல்லஞ் சேர்ந்த அன்றிரவே என் தமையனார் தம் அறைக்கு என்னை அழைத்துச் சென்றார். ஈராண்டுச் சேமிப்பு முழுவதையும் கொடுத்து அவர் வாங்கிய ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் கிராபிக்ஸ் அட்டை, ஆங்குக் கணினிப் பெட்டியினுள் செங்கல்லினும் பெரிதாய் வீற்றிருந்தது. இலக்கணமும் உரையுமாய்க் காலங்கழிக்கும் எனக்கு இதன்கண் என்ன அலுவல் என நண்பர்கள் நகைத்தல் கூடும். தமையனார்க்கோ என் கண்ணும் கையும் வேண்டியிருந்தன.

2022ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளிவந்த அவ்வட்டை 24 ஜி.பி. நினைவகம் உடையது, 450 வாட் வரை மின்சாரம் உண்பது. அதனைச் சோதித்தற்கு அவர் தேர்ந்தது, போலந்து நாட்டார் 2020 டிசம்பரில் வெளியிட்ட சைபர்பங்க் 2077 என்னும் ஆட்டம். 2023 ஏப்ரலில் அதற்குப் பாத் டிரேசிங் என்னும் முறை சேர்க்கப்பட்டது. ஒளிக்கதிர் சுவரிற் பட்டும் நீரிற் பட்டும் எங்ஙனஞ் சிதறுமோ அங்ஙனமே கணக்கிட்டு வரைவது அது. 4கே திரையில் ஒரு படத்துக்கு 82,94,400 புள்ளிகள் உள என்பதை நினைந்தால் அட்டையின் பாடு விளங்கும்.

யாதொரு துணையுமின்றி ஓட்டியபோது நொடிக்கு ஏறக்குறைய 20 படங்களே எழுந்தன. மழைநீர் தேங்கிய வீதியில் நியான் விளக்குகளின் நிழல் நடுங்கியது கண்டு மெய்ம்மறந்து நின்றேன். நடக்க முயன்றபோதோ சேற்றிற் காலிட்டவன் போலானேன். பின்னர் டி.எல்.எஸ்.எஸ். என்பதை இயக்கினார். 1920×1080 அளவில் வரைந்து, எஞ்சிய புள்ளிகளை ஊகித்து நிரப்பும் உபாயம் அது. எண் 60ஐ அணுகியது. ஈற்றில் பிரேம் ஜெனரேஷனையும் சேர்த்தார். எண் 100ஐக் கடந்தது. அவர் முகமும் மலர்ந்தது.

"தம்பி, இப்போது எப்படி?"

யான் உடனே விடையிறுத்திலேன். கண்ணுக்குக் காட்சி எண்ணெய் ஒழுகுவது போலிருந்தது, கைக்கோ அவ்வாறில்லை. மெய்யாக வரைந்த இரு படங்களுக்கிடையே கற்பித்த படமொன்றைச் செருகுவதே அம்முறை. பிந்திய படம் பிறந்த பின்னரன்றி இடைப்படத்தை ஆக்கலாகாமையின், கை அசைந்தது திரையில் தோன்றச் சிறிது தாழ்க்கிறது. ஈராண்டு உழைப்பின் எதிரே நின்று இதனைச் சொல்வதா என நா எழவில்லை. ஆயினும் பொய் கூற மனமில்லை.

"அண்ணா, நூற்றுள் பாதியே என் கைக்கு எட்டுகின்றது" என்றேன்.

அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்பு பாத் டிரேசிங்கையும் பிரேம் ஜெனரேஷனையும் நிறுத்தி, பழைய ரே டிரேசிங் முறையில் ஆட்டத்தைத் தொடங்கினார். எண் 70க்குச் சற்று மேல் நின்றது. நிழல்கள் சில பொலிவிழந்தன. ஆனால் மோட்டார் சைக்கிளைத் திருப்பிய கணமே அது திரும்பிற்று. அவ்வட்டையின் உண்மையான ஆற்றலை யான் கண்டது அப்போதுதான் என்பேன். மழைவீதியை நின்று நோக்குதற்கு மட்டும் முன்னைய முறையே மேல்.

"ஓட்டுவதற்கு இது, பார்ப்பதற்கு அது" என்று தமையனார் தாமே கூறி, நெடுநேரம் ஓட்டிக்கொண்டிருந்தார். அறை அடுக்களை போற் கொதித்தது. அன்னையார் வந்து, ஒன்றும் வினவாது, சன்னலைத் திறந்துவிட்டுச் சென்றார்.